அசைன்மென்ட்டில் 24 வாங்கியும் என்.பி.டி.இ.எல். சான்றிதழ் கிடைக்காதது ஏன்?

என்.பி.டி.இ.எல். என்பது ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம். அதில் நான் எடுத்த பாடத்துக்கு நேற்று ரிசல்ட் வந்தது. பைத்தான் நிரல்மொழி, 12 வாரம், 100க்கு 77 மதிப்பெண், சான்றிதழில் ‘எலைட் + சில்வர்’ தரம். போனைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. இதே பாடத்தைப் போன வருடமும் எடுத்தேன். அப்போது மொத்தம் 52 இருந்தும் சான்றிதழ் இல்லை.

அசைன்மென்ட்டில் 25க்கு 24. தேர்வில் 75க்கு 28. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். கூட்டுத்தொகை எவ்வளவு இருந்தாலும் அது காப்பாற்றாது. எனக்கு இரண்டு மதிப்பெண்ணில் போனது.

அந்த 24ஐ நான் உழைத்து வாங்கவில்லை. எங்களுக்குக் கெடு புதன் இரவு 11.59. செவ்வாய்க்கிழமையே வாட்ஸ்அப் குழுவில் விடைகள் வந்துவிடும். வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, விடைகளைக் குறித்துவிட்டுத் தூங்கிவிடுவேன். எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது. தேர்வில் பத்து வரி நிரலை (புரோகிராம்) கொடுத்து ‘இதன் வெளியீடு என்ன?’ என்று கேட்டபோது, எந்த வரியில் தொடங்குவது என்றே தெரியவில்லை. அப்படி ஒரு நிரலை ஒருமுறைகூட நானாக ஓட்டிப் பார்த்ததில்லை.

அப்பா தறி ஓட்டுகிறார். இரண்டாம் முறை தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய் கேட்டபோது மறுபேச்சு இல்லாமல் கொடுத்தார். அதற்குப் பிறகு குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள்.

அடுத்து நான் மாற்றியது படிக்கும் முறையை: நோட்டில் டிரை ரன், அதாவது நிரலைக் கணினி இல்லாமல் வரிவரியாகக் கையால் ஓட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு மாறிக்கும் (வேரியபிள்) ஒரு கட்டம், லூப்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வரிசை. கணினியில் ஓட்டும் முன் விடையைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். தவறினால் எந்தச் சுற்றில் தவறியது என்று தேட வேண்டும். ஒரு கேள்விக்கே இருபது நிமிடம் போகும், போகட்டும். இப்படித்தான் என் குழப்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பைத்தானில் மைனஸ் 7ஐ இரட்டைச் சாய்கோடு (//) போட்டு 2ஆல் வகுத்தால் மைனஸ் 3 வரும் என்று நினைத்திருந்தேன். வருவது மைனஸ் 4. ஒரு லிஸ்ட்டை இன்னொரு பெயருக்குச் சமம் போட்டால் நகல் எதுவும் உருவாவதில்லை, இரண்டு பெயரும் ஒரே லிஸ்ட்டைத்தான் குறிக்கும். இது மண்டையில் ஏற எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

சிலருக்கு வீடியோ பார்த்தாலே போதும் என்கிறார்கள். எனக்குக் கை எழுதினால்தான் மூளை ஒத்துழைக்கும்.

அப்புறம் சனிக்கிழமை வகுப்பு. எங்கள் கல்லூரியில் லோக்கல் சாப்டர், அதாவது என்.பி.டி.இ.எல்.லின் கல்லூரிக் கிளை இருக்கிறது. எங்களுக்கு வழிகாட்டும் மென்டார் மேடம் சனிக்கிழமை 2 மணிக்கு லேபைத் திறந்து வைப்பார். முதல் வருடம் நான் போனதே இல்லை, வீடியோ இருக்கும்போது இது எதற்கு என்று. மேடத்துக்கும் பைத்தான் புதிதுதான், எங்களோடு சேர்ந்தே பாடம் பார்த்தார். ஆனால் ஒரு விதி வைத்திருந்தார்: போர்டில் டிரை ரன் போட்டு விளக்கும்வரை யாரும் நிரலை ஓட்டக்கூடாது. நான்கு பேர் முன்னால் நின்று சொல்லும்போது, புரியாத இடத்தில் வாய் தானாக நின்றுவிடும். ஆன்லைன் பாடமும் நேர்வகுப்பும் கலந்து படிப்பதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். தனியாக வீடியோ பார்க்கும்போது நம்மை நிறுத்திக் கேட்க ஆள் இல்லை.

மற்றவை சுருக்கமாக:

- பாடத்தில் சேருவது இலவசம், ஆனால் தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். என் தோழி அதைத் தவறவிட்டாள்.
- 12 அசைன்மென்ட்டில் சிறந்த 8தான் கணக்கு. காய்ச்சலில் ஒரு வாரம் போனால் பதற வேண்டாம்.
- நிரல் அசைன்மென்ட்டில் கண்ணுக்குத் தெரியும் டெஸ்ட் கேஸ் (நிரலைச் சோதிக்கும் உள்ளீடு) பாஸ் ஆனதும் நிறுத்தாதீர்கள். மறைவாகவும் சில இருக்கும். பூஜ்யம், ஒரே ஒரு எண், எதிர்ம எண் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள்.
- தமிழ் வழியில் படித்தவர்கள் பாடப் பக்கத்தில் வீடியோவில் பேசுவதன் தமிழ் எழுத்துவடிவம் இருக்கிறதா என்று பாருங்கள், பல பாடங்களுக்கு உண்டு. எனக்குக் கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் வந்தது. அதனால் கேள்விகளை மட்டும் ஆங்கிலத்திலேயே படித்துப் பழகினேன்.

இந்த முறை அசைன்மென்ட்டில் 20தான். தேர்வில் 57. அந்த 20ஐப் பார்க்கும்போது வரும் நிம்மதி போன வருட 24ல் இல்லை.

அடுத்து சென்னை கணிதவியல் நிறுவனப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வாரப் பாடம் எடுக்கப்போகிறேன். அதுவும் பைத்தான்தான், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் (தரவை அடுக்கிவைக்கும் முறைகள்), அல்காரிதம்ஸோடு (தீர்வுக்கான படிமுறைகள்). மேடம் லேப் சாவியை என்னிடமே கொடுத்திருக்கிறார். இந்தச் சனிக்கிழமை போர்டில் முதலில் நிற்கப்போவது முதலாமாண்டுப் பெண் ஒருத்தி. அவளுக்காக ஒரு புது நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.