பொம்மை லேபர் ரூமிலேயே இருக்கட்டும்

பிறந்த குழந்தை அழவில்லை என்றால் நர்சுகளான எங்களுக்கு இருப்பது ஒரே நிமிடம். ஈரம் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, அப்போதும் மூச்சு வரவில்லையென்றால் அந்த நிமிடத்துக்குள் ஆம்பு பேக்கை, அதாவது கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பையை, எடுத்துக் காற்று கொடுத்தாக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் பாம்பன் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு உதவாது. கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களும் மீன்காரப் பெண்களும் பிரசவத்துக்கு வரும் எங்கள் மாதிரி ஆரம்ப சுகாதார நிலையத்தில், பக்கத்தில் நிற்கும் நர்சின் கைதான் எல்லாம்.

இதற்காகவே 2010-இல் 'ஹெல்ப்பிங் பேபீஸ் பிரீத்' என்ற பயிற்சி வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் உலக சுகாதார நிறுவனமும் இன்னும் சிலரும் சேர்ந்து, வசதி குறைந்த நாடுகளுக்கென்று உருவாக்கியது. நார்வேயின் லேர்டால் நிறுவனம் அதற்கு ஒரு பொம்மை செய்து கொடுத்தது. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பச்சைக் குழந்தையின் கனம் வந்துவிடும். ஒரு பல்பை அமுக்கினால் தொப்புள்கொடி துடிக்கும். நம் அரசும் 2009-லேயே இதே வேலைக்கு ஒரு பயிற்சித் திட்டம் தொடங்கியிருந்தது.

எங்களுக்குக் கற்றுக்கொடுக்க வந்த வெளிநாட்டுக் குழு நன்றாகவே கற்றுக்கொடுத்தது. அவர்கள் பொறுமையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் சில மாதம் போனதும் கை தளர்ந்துவிடுகிறது. குழந்தையின் முகத்தில் ஆம்பு பேக்கின் மாஸ்க் சரியாகப் படியாமல் காற்று பக்கவாட்டில் கசியும். பத்தில் ஒரு குழந்தைக்குத்தான் மூச்சுவிட ஏதாவது உதவி தேவைப்படும், ஆம்பு பேக் வரை போவது அதிலும் குறைவு. பிறகு கைப்பழக்கம் எப்படி நிலைக்கும்?

தான்சானியாவின் ஹைடம் மருத்துவமனையிலும் இதுதான் நடந்தது. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் பொம்மையிடம் எல்லோரும் நன்றாகச் செய்தார்கள், பிரசவ அறையில் மட்டும் மாற்றம் இல்லை. அப்புறம் பொம்மையை அங்கேயே வைத்து, வாரந்தோறும் சில நிமிடம் பழகச் சொன்னார்கள். முதல் நாளிலேயே இறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. குறை எங்கள் ஆர்வத்தில் இல்லை, பயிற்சி கொடுத்த முறையில்தான்.

இப்போது எங்கள் சீனியர் சிஸ்டர், "டியூட்டி மாறும்போது ஒரு தடவை பண்ணிட்டுப் போங்க, சிஸ்டர்" என்பார். மூன்று நிமிடம்தான். அவருக்கே கவுன்சிலிங்கில் வேறு ஊருக்குப் பணியிட மாறுதல் வந்தால் இந்தப் பழக்கமும் கூடவே போய்விடுமோ என்ற கவலை எனக்கு உண்டு. அதனால் அடுத்து வரும் குழுவிடம் நான் கேட்கப்போவது இதுதான்: சான்றிதழ் விழாவுக்கு ஆகும் செலவில் இன்னொரு பொம்மை கொடுங்கள், எங்களில் இரண்டு பேரையாவது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களாகத் தயார் செய்யுங்கள், ஆறு மாதம் கழித்து வந்து எங்கள் கையைப் பாருங்கள்.