பட்டர்வொர்த்திலிருந்து பழைய வண்ணாரப்பேட்டைக்கு ஒரு வயர்

"ஊர் பழகிடுச்சா?" என்று இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். அங்கே அம்மாவும் சித்திமாரும், இங்கே கடைத்தெருவில் பார்க்கிறவர்களும். நான் பிறந்து வளர்ந்தது பினாங்கு மாநிலத்தில் பட்டர்வொர்த். 2022 ஜூனில் கல்யாணமாகிச் சென்னையின் பழைய வண்ணாரப்பேட்டைக்கு வந்தேன். எங்கள் தாத்தா ரஜூலா கப்பலில் ஏறி மலாயாவுக்குப் போனவர். அவர் விட்டுப் போன கரைக்கே பேத்தி திரும்பி வந்திருக்கிறாள் என்று பாட்டி சந்தோஷப்பட்டார்.

சாப்பாடு சீக்கிரமே பழகிவிட்டது. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ தட்டைக் கையில் வாங்கிய முதல் நாளே, நூடுல்ஸும் புளிப்பும் வறுத்த பூண்டு வாசனையுமாக, பினாங்குக் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. வெயில் அங்கேயும் வெயில்தான். பேச்சுக்குத்தான் கொஞ்ச நாள் பிடித்தது. "இன்னாமா, அப்பால வா" என்றால் கோபமாகச் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். அது கோபமே இல்லை, அதுதான் இங்கே பிரியம் என்று அப்புறம் புரிந்தது.

பழகாமல் இருந்தது வீட்டு இன்டர்நெட். கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். எனக்கு அப்படி இல்லை. என் வேலையும் என் அம்மாவும் அந்த ஒரு வயரில்தான் வந்து சேர வேண்டும்.

அங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஆறு பிள்ளைகளுக்கு ஆன்லைனில் மலாய் டியூஷன் எடுக்கிறேன். மலேசியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அவர்களுக்கு இரவு 8 மணி என்றால் எனக்கு மாலை 5.30. வந்த புதிதில் வகுப்பு தொடங்கிப் பத்து நிமிஷத்துக்குள் ஒரு பிள்ளை சொல்லும்: "டீச்சர், புத்துஸ் புத்துஸ்." அறுந்து அறுந்து வருகிறது என்பதற்கு மலாயில் அப்படித்தான் சொல்வோம். ஒரு வாக்கியத்தை நான் மூன்று தடவை சொல்வேன். அந்தப் பிள்ளைக்கு மூன்று தடவையும் பாதி பாதியாகவே போய்ச் சேரும். இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு டீச்சரிடம் சேர்த்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

2023 பிப்ரவரியில் பாட்டி காலமானார். உடனே கிளம்பிப் போகிற நிலையில் நான் இல்லை. தம்பி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடியோவில் காட்டினான். பாட்டிக்குப் பிடித்த மஞ்சள் சேலையைப் போர்த்தியிருந்தார்கள். அம்மா வாய்க்கரிசி போடக் குனிந்தபோது படம் நின்றது. அம்மாவின் கை அப்படியே அந்தரத்தில். வட்டம் சுற்றியது, அப்புறம் அதுவும் போய்விட்டது. போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன், சிம்மில் பிடித்தேன். மறுபடி படம் வந்தபோது வண்டி வாசலைத் தாண்டியிருந்தது. அன்று மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

அதற்குப் பிறகுதான், இந்த வயர் எங்கிருந்து வருகிறது, எங்கே அறுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விடக்கூடாது என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்த செய்தி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. பினாங்கிலிருந்து சென்னைக்கு நேராகவே ஒரு கடலடிக் கேபிள் வருகிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கை, மும்பை, ஓமான் என்று போகும் அந்தக் கேபிளின் ஒரு முனை பினாங்கில் இருக்கிறது, இங்கே சென்னையிலும் அது கரையேறுகிறது. சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு 2002-லேயே ஒன்று போட்டிருக்கிறார்கள், சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியென்றால் அம்மாவின் குரல் கடலைத் தாண்ட ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆகாது. தாத்தா நாள்கணக்கில் கப்பலில் கடந்த கடல் இது. அவ்வளவு தூரம் ஒழுங்காக வந்த குரல், எங்கள் சந்து முனை இஸ்திரி வண்டியிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரைக்கும், கூடிப்போனால் நூறு அடி, அதற்குள் அறுந்துபோகிறது.

வாசலுக்கு உள்ளேயும் ஒரு கோளாறு இருந்தது. எங்கள் வீடு பழைய காலத்துச் செங்கல் சுண்ணாம்புக் கட்டடம். நடுச்சுவர் ஒன்றரை அடி கனம். இன்டர்நெட் பெட்டியை முன்கூடத்தில் டிவிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நான் வகுப்பு எடுப்பது சமையலறையை ஒட்டிய பின்னறையில். நாங்கள் காசு கட்டுவது 40 எம்பிபிஎஸ் வேகத்துக்கு. பெட்டியில் நேராக லேன் வயர் சொருகிப் பார்த்தால் 38 வந்தது. பின்னறையில் வைஃபையில் பார்த்தால் 3. இரண்டு கனத்த சுவர்களையும் ஒரு ஸ்டீல் பீரோவையும் தாண்டி வந்த மிச்சம் அது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானதுதான், ஆனால் கனத்த சுவரை அவ்வளவாக ஊடுருவாது. 2.4 கொஞ்சம் ஊடுருவும், ஆனால் பக்கத்துப் பக்கத்துக் குடித்தனங்களின் பெட்டிகள் எல்லாம் அதே அலைவரிசையில் நெருக்கியடிக்கும். அதனால் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் 20 மீட்டர் லேன் வயர் வாங்கி வந்து, கதவு நிலையின் மேலாகக் கொக்கி அடித்துப் பின்னறை வரை இழுத்தோம். "வயர் தொங்குதேம்மா" என்று அத்தை முதலில் முகம் சுளித்தார். மறுநாள் வகுப்பு ஒரு தடவைகூட அறாமல் முடிந்ததைப் பார்த்துவிட்டு, வயரை மறைக்க அவரே ஒரு தோரணம் கட்டிவிட்டார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் குழம்புகிறார்கள். 40 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. ஒரு ஃபைல் இறங்கும்போது காட்டுவது பைட் கணக்கு. எட்டால் வகுக்க வேண்டும். 40 என்றால் நொடிக்கு 5 எம்பிதான். அதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் பெட்டியிலேயே நேராகச் சொருகிப் பார்த்தும் பாதிகூட வரவில்லையென்றால் விடவும் வேண்டாம்.

அடுத்தது தெரு. இதுதான் பெரிய பாடு. பெட்டியில் 'லாஸ்' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் வெளிச்சமே வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. நிறுவனத்தின் கால் சென்டரில் ஒவ்வொரு தடவையும் "அணைத்துப் போடுங்கள்" என்றுதான் தொடங்குவார்கள். சிவப்பு விளக்கு எரிகிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லப் பழகிக்கொண்டேன். புகார் எண்ணை வாங்காமல் போனை வைப்பதில்லை. தீராவிட்டால் அதே நிறுவனத்துக்குள் மேல்முறையீட்டுக்கு ஓர் அமைப்பு இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ஒரு தடவை அதுவரைக்கும் போனேன், நான்கு நாளாகக் கிடந்தது அன்று மாலையே சரியானது.

ஆனால் உண்மையில் எனக்கு வழிகாட்டியவன் எங்கள் ஏரியாவில் லைன் பார்க்கிற தம்பி. "அண்ணி, செவப்பா எரியுதா? தோ வரேன்" என்று சொல்லி, வண்டியில் ஏணியைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு வருவான். கையில் ஒரு சின்ன மீட்டர். வயர் முனையை அதில் சொருகினால் மைனஸில் ஒரு எண் வரும். மைனஸ் 20, 22 என்றால் நன்றாக ஓடும். 27-க்குக் கீழே போனால் பெட்டிக்குக் கண் தெரியாது. ஒரு நாள் மைனஸ் 31 காட்டியது. கம்பத்துக் கொக்கியில் வயர் கூர்மையாக மடிந்திருந்தது. உள்ளே ஓடும் இழை தலைமுடி கனம்தான், மடித்தால் மடித்த இடத்தில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். அவன் உறையை உரித்து, இழையை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, வெட்டி, மூட்டுகிற மெஷினில் இரண்டு பக்கமும் வைத்தான். மெஷினின் குட்டித் திரையில் இரண்டு முனைகளும் தடித்த இரண்டு தூண்கள் போலத் தெரிந்தன. மெல்ல நெருங்கின. ஒரு பொறி. அவ்வளவுதான், இரண்டும் ஒன்றாகிவிட்டன. இஸ்திரி வண்டி ஓரமாக நின்று குடை பிடித்தபடி அதைப் பார்த்தேன். பட்டர்வொர்த்தில் பல வருஷம் ஃபைபர் வைத்திருந்தோம், ஒரு நாளும் அதை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

அறுவதற்கு இங்கே காரணங்கள் நிறைய. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டுவார்கள், எலி கடிக்கும், பழைய வீட்டை இடிப்பவர்கள் வயரைச் சுருட்டி ஓரமாகப் போடுவார்கள். மாலையில் அறாமலேயே வேகம் குறைவது வேறு கதை. ஒரே இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு வந்து உட்காருவார்கள். அதற்கு என் கையில் இருந்த வழி ஒன்றுதான். பாடத்தாளை மதியமே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், வகுப்பில் தேவையில்லாத நேரம் வீடியோவை அணைத்துவிடுவேன். குரலுக்கு மட்டும் கொஞ்ச வேகம் போதும். மின்சாரம் போனாலும் பெட்டி ஓடுவதற்கு 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் ஒன்று வாங்கினேன். கையில் வேறு நிறுவனத்தின் சிம் ஒன்று. இத்தனையும் செய்த பிறகு "புத்துஸ்" என்ற சொல் வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இது எதுவும் உதவவில்லை. முழங்கால் தண்ணீர், மின்சாரம் இல்லை, யுபிஎஸ் தீர்ந்தது, சிம்மிலும் டவர் இல்லை. இரண்டு நாள் அம்மாவுக்கு ஒரு செய்தியும் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு நாளும் எதிர்வீட்டு ஆயா எங்கள் மாடியறையில்தான் இருந்தார். தெருவில் அவரைப் பர்மா ஆயா என்பார்கள். ரங்கூனில் பிறந்தவர். அங்கே கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, 1965-ல் கப்பலேறி இங்கே வந்து இறங்கிய குடும்பம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சொன்னார்: "எங்க அண்ணன் அங்கயே தங்கிட்டாரு. அவரு செத்த சேதி கடுதாசில வந்துச்சு. வர்றதுக்குள்ள காரியமே முடிஞ்சு போச்சு. தலைக்கு மட்டும் தண்ணி ஊத்திக்கினேன்."

நான் பாட்டியின் கதையைச் சொன்னேன். அந்தரத்தில் நின்ற கையைச் சொன்னேன். ஆயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா கையையாவது பாத்தியே கண்ணு" என்றார். ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தையாகத் தெரியவில்லை, தனக்குக் கிடைக்காததைச் சொன்னார். மூன்றாம் நாள் மாடி மூலையில் சிம் ஒரு கோடு காட்டியதும் முதலில் அம்மாவைக் கூப்பிட்டேன். "பசியாறிட்டியாமா?" என்றுதான் அம்மா கேட்டார். வேறு எதுவும் கேட்க அவருக்குக் குரல் வரவில்லை.

இந்தியாவில் பிராட்பேண்ட் என்று சொல்லக் குறைந்தபட்ச வேகம் 2023 ஜனவரி வரைக்கும் 512 கேபிபிஎஸ்தான். அதற்கு அப்புறம் 2 எம்பிபிஎஸ். என்னைக் கேட்டால் வேகத்துக்கு மட்டும் விதி போட்டால் போதாது. மாதத்தில் எத்தனை மணி நேரம் அறாமல் இருந்தது என்று பில்லிலேயே அச்சடிக்க வேண்டும். விளம்பரத்தில் 100, 200 என்று போடுகிறவர்கள் அந்த ஒரு எண்ணையும் பக்கத்தில் போடட்டும். வடசென்னையில் எத்தனையோ பேருடைய பிழைப்பு இப்போது இந்த வயரில் இருக்கிறது. வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் பெண்கள் இருக்கிறார்கள், துறைமுகத்து ஏஜென்ட் ஆபீஸுக்கு பில் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கப்பலில் போன கணவனோடு பேசக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போன ஆடியில் அம்மன் ஊர்வலம் எங்கள் சந்துக்குள் திரும்பும்போது, வயரைத் தூக்கிப் பிடிக்க வந்த மூங்கில் கொம்பு எங்கள் இழையை இழுத்துவிட்டது. வேண்டுமென்று செய்ததில்லை, சீரியல் பல்பு வெளிச்சத்தில் அந்த மெல்லிய கறுப்பு வயர் யார் கண்ணுக்கும் படாது. இந்த வருஷம் கூழ் ஊற்றுகிற தேதியைக் கோயில் கமிட்டி அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்தேன். லைன் பார்க்கிற தம்பி முந்தின நாளே ஏணி போட்டு, சந்துக்குள் குறுக்கே போகும் வயர்களை எல்லாம் சேர்த்து இரண்டு அடி உயர்த்திக் கட்டினான். நான் கீழே நின்று, கண்ணில் படட்டும் என்று அவன் கட்டுவதற்கு மஞ்சள் துணிக் கீற்றுகளைக் கிழித்துக் கொடுத்தேன். பிள்ளைகளிடம் அன்று வகுப்பு இல்லை, அதற்குப் பதிலாக ஊர்வலம் காட்டுகிறேன் என்றேன். மலேசிய நேரம் இரவு 9 மணிக்குப் பறைச்சத்தம் சந்துக்குள் நுழைந்தது. போனைத் தூக்கிப் பிடித்தேன். ஆறு பிள்ளைகளோடு என் அம்மாவும் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்.