தீட்டா காணாமல் போன பக்கம்

ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் முதல் பாடம் வட்ட அளவை. ஆரத்தைக் கோணத்தால் பெருக்கினால் வில்லின் நீளம் வந்துவிடும். கோணம் மட்டும் ரேடியன் என்ற அலகில் இருக்க வேண்டும். அந்தக் கோணத்துக்கு எல்லாப் புத்தகத்திலும் தீட்டா என்ற கிரேக்க எழுத்துதான். கோலாலம்பூர் செந்தூலில் சனிக்கிழமை தோறும் ஆறு பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித் தருகிறேன். எல்லாரும் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள். விளக்கம் தமிழில் இருந்தால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் குறிப்புகளை நானே தமிழில் அச்சுக்கோக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதம் ஆகிறது. அதில் பாதி நேரத்தைக் கிரேக்க எழுத்துகளே எடுத்துக்கொண்டன.

முதல் அடி பழைய கோப்பில் விழுந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "வச்சுக்கோ தம்பி, பிள்ளைகளுக்கு உதவும்" என்று தன் குறிப்புகளைக் கொடுத்திருந்தார். அப்படியே பென்டிரைவில் போட்டு போட்டோஸ்டாட் கடைக்குக் கொண்டுபோனேன். 18 வெள்ளிக்கு அச்சடித்து வந்து பார்த்தால், சைனுக்குப் பக்கத்தில் தீட்டா இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில 'கியூ'. சிக்மா இருந்த இடத்தில் 'எஸ்'.

டிஸ்கி, டாப் என்ற பழைய குறியாக்கங்களின் காலத்தில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்கு இது பழகிய நோய். கோப்புக்குள் இருப்பது தமிழ் எழுத்து அல்ல, வேறு ஐரோப்பிய எழுத்துகளுக்கான எண்கள்தான். அதன் மேல் எழுத்துரு ஒரு தமிழ் முகத்தை வரைந்து காட்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகம் போய்விடும். சிம்பல் எழுத்துருவும் அதே வேலையைத்தான் செய்தது. அதில் 'கியூ' விசையைத் தட்டினால் தீட்டா, 'எம்' தட்டினால் மியூ. கடைக்காரரின் கணினியில் முகம் கழன்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக, எழுத்துக்கு எழுத்து தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றினேன்.

அப்புறம், கட்டளைகளை எழுதி அச்சுக்கோக்கும் லேடெக் மென்பொருளுக்கு வந்தேன். தமிழ் இருப்பதால், யூனிகோடு எழுத்துருக்களை நேரடியாக எடுத்துக்கொள்ளும் அதன் வகையான ஸீலேடெக். சமன்பாடுகள் அழகாக வந்தன. ஆனால் 'மையக் கோணம் தீட்டா எனில்' என்று வாக்கியத்துக்குள் கிரேக்க எழுத்தாகவே போட்ட இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டி நின்றது. காரணம் எளிது: வாக்கியத்தை வரைவது தமிழ் எழுத்துரு, சமன்பாட்டை வரைவது கணித எழுத்துரு. நான் எடுத்த தமிழ் எழுத்துருவில் கிரேக்கமே கிடையாது. என்னைப் பயமுறுத்தியது வேறு. பிழை என்று எந்தச் செய்தியும் வரவில்லை. பதிவுக் கோப்பின் நடுவில் மட்டும், இந்த எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை என்று ஒரே ஒரு வரி. கண்ணில் படாமல் அச்சுக்குப் போயிருக்கும். டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற அமைப்புக்கு 3 என்று மதிப்பு கொடுத்தால் இதையே பிழையாக்கி வேலையை நிறுத்திவிடுகிறது. லேடெக்கை நிறுவித் தரும் டெக் லைவ் தொகுப்பின் 2021 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. இப்போது என் எல்லாக் கோப்பிலும் அதுதான் முதல் வரி. வாக்கியத்துக்குள் வரும் தீட்டாவையும் டாலர் குறிகளுக்குள் போட்டுவிடுகிறேன்; அப்போது லேடெக் அதைச் சமன்பாடாக எடுத்துக்கொண்டு கணித எழுத்துருவில் வரைகிறது.

இன்னொரு கிரேக்க எழுத்தான ஃபைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஒரே பக்கத்தில் இரண்டு வடிவம். மேலே, வட்டத்தின் நடுவில் நேர்க்கோடு பாய்ந்த ஃபை. கீழே, பேனாவை எடுக்காமல் சுழித்து எழுதியது போன்ற ஃபை. "சார், இது ரெண்டும் வேற வேற கோணமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. கணிதத்தில் வடிவம் மாறினால் பொருளும் மாறலாம்.

யூனிகோடில் இரண்டுக்கும் தனித்தனி எண்: சுழி ஃபைக்கு 966, கோட்டு ஃபைக்கு 981. லேடெக்கில் 'ஃபை' என்று கட்டளை கொடுத்தால் கோட்டு வடிவம் வரும். சுழி வேண்டுமென்றால் 'வர்ஃபை' என்று கேட்க வேண்டும். நான் சில இடத்தில் கட்டளை எழுதினேன், சில இடத்தில் 966-ஐ வெட்டி ஒட்டினேன். இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு: 1999-இல் வந்த யூனிகோடு 3.0-க்கு முன்னால், தரத்தின் அட்டவணையிலேயே இவ்விரண்டின் மாதிரி வடிவங்களும் இடம் மாறி இருந்தன. அந்தக் காலத்து எழுத்துரு கையில் சிக்கினால் இன்றும் தலைகீழாக வரலாம். கடைசியில் எல்லா இடத்திலும் சுழி ஃபை என்று முடிவு செய்துவிட்டேன். பிள்ளைகள் கையால் எழுதுவது அப்படித்தான்.

மியூவிலும் இதே கதை, ஆனால் திருப்பிப் போட்டது. இங்கே வடிவம் ஒன்று, எண் இரண்டு. இயல்நிலைப் பரவல் பாடத்தில் சராசரிக்கு வரும் மியூவை எல்லாம் ஒரே கட்டளைக்கு மாற்றப் போனேன். ஏழு இடம் மாறவில்லை. மேக்கில் ஆப்ஷன் விசையோடு 'எம்' தட்டினால் வருவது கிரேக்க மியூ அல்ல, மைக்ரோ குறி. அதன் எண் 181. கிரேக்க மியூவின் எண் 956. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. இப்போதெல்லாம் எதுவும் சரியாக வராவிட்டால், எழுத்துருவை மாற்றுவதற்கு முன்னால் அந்த எழுத்தின் எண்ணைத்தான் பார்க்கிறேன்.

அளவுப் பொருத்தம் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. தமிழ் தடித்து நிற்கிறது, பக்கத்தில் தீட்டா இளைத்துத் தெரிகிறது. தானாகப் பொருத்தும் வசதி ஆங்கிலச் சின்ன எழுத்தின் உயரத்தை வைத்து அளக்கிறது. தமிழுக்கு அது சரிப்படவில்லை. தமிழ் எழுத்துருவின் அளவைக் கையால் 0.88 மடங்காகக் கொடுத்திருக்கிறேன். 'ழ'வின் கால் அடுத்த வரியில் இடிக்காமல் இருக்கிறது, தீட்டாவும் ஓரளவு நிமிர்ந்து தெரிகிறது. அடுத்த சனிக்கிழமை இதையும் 0.9-ஐயும் தாளில் எடுத்து, விளக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.