அம்மாவின் மெட்டியும் குசாட்சுவின் வெந்நீரும்

பர்மாவில் கிணற்றடியில் குளிக்கும் பெண்கள், இடுப்பில் சுற்றும் தமைன் என்னும் துணியை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டுப் பெண்களும் அப்படியே பழகியவர்கள். ஆகவே, டோக்கியோவில் வேலை பார்க்கும் தம்பி, அம்மாவின் மூட்டுவலியை மனத்தில் வைத்து எங்கள் இருவரையும் யாங்கோனிலிருந்து வரவழைத்து, குன்மா மாநிலத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள குசாட்சுவில், ரியோகான் என்னும் ஜப்பானிய மரபு விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்க வைத்தபோது, பெண்கள் குளத்தில் எல்லோரும் உடையின்றித்தான் இறங்க வேண்டும் என்று கேள்விப்பட்ட அம்மா, திரும்பிவிடலாம் என்றே சொன்னார்.

அவருடைய முன்கையில் சிறு வயதில் பச்சை குத்திய புள்ளிக் கோலம் வேறு இருந்தது. பச்சை குத்தியவர்களைப் ஒன்சென் என்னும் வெந்நீர் ஊற்றுக் குளியலகங்கள் பல பொதுக் குளத்தில் அனுமதிப்பதில்லை. அந்நாட்டில் அதை யாகுசா என்னும் குற்றக் கும்பல்களின் அடையாளமாகவே நெடுங்காலம் பார்த்து வந்திருக்கிறார்கள். தம்பி முன்கூட்டியே பேசி, குடும்பத்தார் தனியே எடுத்துக்கொள்ளும் சிறு குளியலறையை எங்களுக்காகப் பதிவு செய்திருந்தான். பெற்றோருடன் செல்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். சைவம் உண்பவர்களும் அப்படியே முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். காய்கறிக் குழம்பிலும் மீன் வடிசாறு கலந்திருக்கும்.

தாழ்வான முக்காலியில் அமர்ந்து, சோப்புப் போட்டு உடம்பை முழுவதும் தேய்த்துக் கழுவி, நுரை துளியும் இல்லாமல் அலசிய பிறகே குளத்தில் கால் வைக்கலாம். சிறு துண்டுகூட நீரில் படக்கூடாது. "அடுத்தவங்க இறங்குற தண்ணியாச்சே, இதுதாம்மா முறை" என்று சொன்ன அம்மாவின் கூச்சம் அந்த இடத்திலேயே பாதி கரைந்தது.

குசாட்சு நீர் எலுமிச்சைச் சாற்றுக்கு நெருங்கிய புளிப்புடையது. நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கும் மேல் தானாகவே ஊறி வருகிறது. கை வைக்க முடியாத அந்தச் சூட்டைத் தணிக்கப் பச்சைத் தண்ணீர் கலந்தால் அதன் குணம் நீர்த்துவிடும் என்பதால், பெண்கள் வரிசையாக நின்று பாடியபடி நீண்ட மரப்பலகைகளால் நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுவதை அரங்கில் பார்த்தோம். யுமோமி என்னும் அந்த வழக்கத்தை, கஷாயத்தில் தண்ணீர் விடாமல் ஆற்றித் தரும் அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்து அறைக்குத் திரும்பியபோது, தத்தாமி பாய் மேல் பணிப்பெண் மெத்தை விரித்து வைத்திருந்தார். இடப்பக்க மடிப்பு மேலே வருமாறு யுகாதா என்னும் பருத்தி அங்கியைக் கட்டிக்கொள்ளவும் அவரே கற்றுக் கொடுத்தார். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உரியதாம். வலி போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பல மாதங்களுக்குப் பின் அன்றுதான் அம்மா இடையில் விழிக்காமல் தூங்கினார்.

கந்தக நீரில் வெள்ளி கறுத்துவிடும் என்று எச்சரித்தும், அப்பா போட்ட மெட்டியைக் கழற்ற அவர் இணங்கவில்லை. கரியாகிப்போன அதை யாங்கோனுக்கு வந்ததும் விபூதி போட்டுத் தேய்த்து வெளுக்க வைத்தார். பூ வேலைப்பாட்டின் இடுக்கில் மட்டும் குசாட்சுவின் கருமை இன்னும் இருக்கிறது.