அப்பா அம்மாவோடு கிருஷ்ணகிரி, தர்மபுரி: அவசரமில்லாத மூன்று நாள் கார் பயணம்

எழுபது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு போகும்போது கிலோமீட்டர் கணக்கு உதவாது. ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்காரமுடியும், எத்தனை படி ஏறி இறங்கமுடியும், அடுத்த நல்ல கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை வைத்துத்தான் நாளைப் பிரிக்கவேண்டும். அப்படிப் பிரித்துப் பார்த்தால் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் அளவெடுத்ததுபோல் பொருந்துகின்றன. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி 50 கி.மீ., அங்கிருந்து தர்மபுரியும் கிட்டத்தட்ட அதே தூரம், தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கி.மீ. எந்தத் துண்டும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்காரவைக்காது. நடுவில் கோயில், அணை, ஆறு, மாந்தோப்பு எல்லாம் இருக்கின்றன.

முதலில் வண்டி. உயரமான எஸ்யூவி என்றால் வயதானவர்களுக்கு வசதி என்று பலரும் நினைக்கிறார்கள். முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏறுவதும் இறங்குவதும்தான் வலிக்கும், ஓட்டம் வலிக்காது. பக்கத்தில் நின்று பார்த்தால் சீட் அவர்கள் தொடைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கவேண்டும். அதைவிட உயரமாக இருந்தால் அரை அடி உயரத்தில், நாலு காலும் அகலமாக ஊன்றி நிற்கும் ஒரு மணை அல்லது ஸ்டூலை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, சாய்வை இரண்டு நாட்ச் பின்னுக்கு விடுங்கள். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு உடம்பைத் திணிப்பதுதான் வழக்கம், முட்டி திருகிக்கொள்வதும் அதனால்தான். அதற்குப் பதிலாகக் காருக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னங்கால் சீட்டில் தட்டுப்பட்டதும் அப்படியே உட்காரவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பவேண்டும். துணி சீட்டில் திரும்பக் கஷ்டமாக இருந்தால் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் போட்டால் வழுக்கிக்கொண்டு திரும்பிவிடலாம். உட்கார்ந்ததும் பையை உருவி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிரேக் போடும்போது ஆள் பெல்ட்டுக்கு அடியில் சறுக்குவார். அம்மா புடவையில் இருந்தால் கொசுவத்துக்குக் கீழே, இடுப்பெலும்பின்மேல் பெல்ட் படிய வேண்டும். வயிற்றின்மேல் ஏறினால் திடீர் பிரேக்கில் வயிறு அழுந்தும். முதுகுக்குத் தடித்த குஷன் வேண்டாம், அது ஆளை முன்னால் தள்ளிப் பெல்ட்டைத் தளர்த்திவிடும். மடித்த துண்டு ஒன்று இடுப்பு வளைவில் போதும்.

மருந்துப் பை டிக்கிக்குள் போகக்கூடாது. கையெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். வெயிலில் நிறுத்திய கார் அடுப்பாகிவிடும், இன்சுலின் அதில் கெட்டுப்போகும். நேரடியாக ஐஸில் வைத்தாலும் உறைந்து வீணாகிவிடும். ஐஸ் பேக்குக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு கைத்துண்டைச் சுற்றி, இறங்கும்போதெல்லாம் கூடவே எடுத்துப் போங்கள். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். ஆள் மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். சோதிக்கும் கருவியும் ஸ்ட்ரிப்பும் அதே பையில் இருக்கட்டும்.

இன்னொன்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வழியில் பாத்ரூம் கிடைக்காதோ என்ற பயத்தில் வயதானவர்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். நீர் மாத்திரையையும் தாங்களாகவே விட்டுவிடுவார்கள். மதியம் தலைசுற்றலும் கால்வீக்கமும் வந்தபிறகுதான் நமக்குத் தெரியும். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். “அரை மணியில் ஒரு இடத்தில் நிறுத்துவேன்மா, அங்கே பாத்ரூம் சுத்தமா இருக்கும்” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் தண்ணீர் தானாகக் குடிப்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடக்கவேண்டும். அசையாமல் தொங்கவிட்ட காலில் ரத்தம் தேங்கும், உறையவும் வாய்ப்புண்டு. கார் ஓடும்போதே குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி இறக்கச் சொல்லலாம்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பும் பழக்கத்தை இந்தப் பயணத்துக்கு விட்டுவிடுங்கள். காலைக்கடன் முடியாமல் கிளப்பிக்கொண்டு போனால் அன்றைக்கு முழுக்க அவர்களுக்கு வயிறு சரியாக இருக்காது. எழுந்து, குளித்து, டிபன் முடித்து, மாத்திரை போட்டு எட்டரைக்குக் கிளம்பினால் போதும். டயர் காற்றை மட்டும் வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்துவிடுங்கள். ஆள் எண்ணிக்கைக்கும் சாமானுக்கும் ஏற்ற அளவு டிரைவர் கதவுப் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும்.

முதல் நாள் ஓசூர். சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைமேல் இருந்தாலும் வண்டிப் பாதை இருப்பதால் படிக்கட்டு முழுக்க ஏற வேண்டியதில்லை. பெற்றோரோடு போகிறவர்களுக்கு இது பெரிய வரம். பக்கத்தில் தென்பெண்ணைக் கரையில் தொரப்பள்ளி. ராஜாஜி 1878-இல் பிறந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. சின்ன ஊர், சின்ன வீடு, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அப்பா வயதுக்காரர்களுக்கு ராஜாஜியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். அங்கே அவசரப்படுத்த வேண்டாம்.

பிறகு சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரி. தேசிய நெடுஞ்சாலை 44-இல் லாரிகள் வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போகும். அவசரத்தில் இடதுபுறமாக முந்தாதீர்கள். சர்வீஸ் ரோட்டிலிருந்து பைக்குகள் அங்கேதான் வந்து நுழையும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வருவதற்கு முன் ஃபாஸ்டேக் பேலன்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் கீழிருந்து பார்த்தால் போதும். பாறையில் செங்குத்தாக ஏறும் பாதை அது, பெற்றோரைக் காரில் காக்கவைத்துவிட்டு நாம் ஏறுவதும் சரியில்லை. அறையில் போய் இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, நாலு மணிக்குமேல் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம்) அணைக்குப் போங்கள். காமராசர் ஆட்சியில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டியது, முழு நீர்மட்டம் 52 அடி. கீழே பூங்காவில் சமதளமாக நடக்கலாம், நிழலில் உட்காரலாம். வெளியே மீன் வறுவல் கடைகள். மீனைக் கண்ணெதிரே எண்ணெயில் போட்டுத் தருகிற கடையாகப் பாருங்கள், வறுத்து அடுக்கிவைத்ததை வாங்காதீர்கள்.

அறை பதிவு செய்யும்போது போனில் நேரடியாகக் கேளுங்கள்: வெஸ்டர்ன் டாய்லெட்டா, லிஃப்ட் இருக்கிறதா, கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா, லிஃப்டுக்குப் போகவே படி ஏறவேண்டுமா. கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தரைத்தளத்துக்கே ஏழெட்டுப் படி வைத்துக் கட்டிய லாட்ஜுகள் நிறைய உண்டு. வீட்டிலிருந்து ஒரு நைட் லேம்ப், பாத்ரூமுக்கு வழுக்காத ரப்பர் செருப்பு. புது இடத்தில் நடுராத்திரி எழும்போதுதான் விழுவார்கள்.

மாம்பழ சீசனில், அதாவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை போனால், இரண்டாம் நாள் காலையை மாங்காய்க்கே விட்டுவிடலாம். செந்தூரா முதலில் வரும், நீலம் கடைசியில் வரும். நடுவில் பெங்களூரா, மல்கோவா, அல்போன்சா, பீத்தர், இமாம் பசந்த். கூழ் ஆலைகளுக்கு அதிகம் போவது பெங்களூரா, கிளிமூக்கு என்பதும் அதுதான். பழுத்ததை வாங்கினால் காரின் சூட்டில் மறுநாளே அழுகும். காம்போடு, தோள் நன்றாகத் திரண்ட காயாக வாங்கி, வீட்டில் வைக்கோலில் பழுக்கவிடுவதுதான் சரி. காம்புப் பக்கம் பச்சையாக இருந்து மற்ற இடமெல்லாம் ஒரே மஞ்சளாக, முகர்ந்தால் மணமே இல்லாத பழத்தைத் தொடாதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது தடை செய்யப்பட்டது. தோல் நிறம் மாறினாலும் உள்ளே புளிக்கும். எந்தக் காயை எடுப்பது என்பதை அம்மாவிடம் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும், அந்த ஒரு மணி நேரமும் பயணம்தான்.

காவேரிப்பட்டணத்தில் டீக்கு நிறுத்தி, தட்டை போன்ற நிப்பட்டு வாங்கிக்கொண்டு தர்மபுரி. பல்லால் கடிக்க முடியாதவர்களுக்கு நிப்பட்டு ஆகாது. மதியச் சாப்பாட்டுக்கு ராகிக் களி கிடைக்கும் மெஸ் பாருங்கள். கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ தொட்டு விழுங்குவது, பல்லுக்கு வேலையில்லை. ஆனால் பழக்கமில்லாத வயிறு என்றால் பாதி உருண்டையோடு நிறுத்துவது நல்லது. தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தோ நம்பகமான கேனிலிருந்தோ வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013-இல் வந்தது. இரண்டு நாளில் ஃப்ளோரைடால் ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் உப்புத் தண்ணீர் என்று குடிக்காமல் இருந்துவிடுவார்கள்.

தர்மபுரிக் கோட்டைக் கோயிலை மாலை வெயில் தாழ்ந்ததும் பாருங்கள். மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் தூண்களைப் பார்க்க எல்லோரும் வருகிறார்கள். எனக்குப் பிடித்தது காமாட்சி அம்மன் சந்நிதியின் அடித்தளம். அதைச் சுற்றி ராமாயணக் காட்சிகள் சின்னச் சின்னதாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சந்நிதிக்குப் படி ஏறவேண்டும், ஏற முடியாதவர்கள் கீழேயே சுற்றி வந்து கதையைப் படிக்கலாம். கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் காட்டினால் உருவங்கள் எழுந்து தெரியும். அடுத்து அதியமான்கோட்டை. சென்றாயப் பெருமாள் கோயில் கூரையில் பழைய ஓவியங்கள் உள்ளன, கழுத்து வலி உள்ளவர்கள் அண்ணாந்து நிற்காமல் உட்கார்ந்து சாய்ந்து பார்க்கட்டும். காலபைரவர் கோயிலுக்குப் போவதென்றால் காலண்டரைப் பாருங்கள். தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணி விளக்கேற்ற வரும் கூட்டத்தில் வயதானவர்களை நிற்கவைக்க முடியாது.

மூன்றாம் நாள் ஒகேனக்கல். கிளம்புமுன் அன்றைய நீர்வரத்தைப் பாருங்கள். தமிழக எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவில் அளந்து, வினாடிக்கு இத்தனை கன அடி என்று தினமும் செய்தியில் வரும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பினால் இங்கே மழையே பெய்யாவிட்டாலும் காவிரி பெருகும். உடனே பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வரும். ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கும். அக்டோபருக்குமேல், மழை விட்ட வாரமாகப் பார்த்துப் போவது நல்லது.

பென்னாகரம் தாண்டியதும் காட்டுக்குள் இறக்கம். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு போய்விடும், முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வந்தால் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆறவிடவேண்டும். தண்ணீர் ஊற்றவேண்டாம். யானை நடமாட்டமுள்ள காடு, மாலை ஐந்துக்குள் மேலே ஏறிவிடுங்கள். பார்க்கிங்கில் கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள், குரங்குகள் மருந்துப் பையைக்கூட விடாது.

பரிசலில் சீட் கிடையாது. மூங்கில் பின்னலின்மேல் சம்மணமிட்டோ காலை மடக்கியோ உட்காரவேண்டும், வழியில் பாறையில் இறங்கி நடக்கவும் வேண்டியிருக்கும். வீட்டில் தரையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழமுடிகிறவர்கள் மட்டும் பரிசலில் போகட்டும். இதை ஊரில் இருக்கும்போதே சோதித்துவிடுங்கள். துறையில் போய் நின்றுகொண்டு “வேண்டாம்ப்பா” என்று சொன்னால் மனசு கஷ்டப்படும். ஏறும்போது விளிம்பை மிதித்தால் பரிசல் சாயும். பரிசலோட்டி பிடித்துக்கொண்டிருக்கும்போது நேராக நடுவில் கால் வைத்து உடனே உட்காரவேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் நீங்களே மாட்டிப் பாருங்கள். அங்கே செய்துவிடும் எண்ணெய் மசாஜ் விஷயத்தில், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவர்களுக்கும் எலும்பு தேய்ந்தவர்களுக்கும் வேண்டாம். மற்றவர்கள் கழுத்தைச் சொடுக்க விடாமல் தலைக்கும் காலுக்கும் மட்டும் தேய்த்துக்கொள்ளலாம். குளித்தபின் பாசிப் பாறையில் எண்ணெய்க் காலோடு நடக்கும் அந்தப் பத்தடியில் கை கொடுங்கள்.

சேலம் பக்கம் திரும்புகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போவதுதான் அங்கே பல விபத்துகளுக்குக் காரணம். லாரிக்கு நேர் முன்னால் போகாதீர்கள், பகலில் கடந்துவிடுங்கள். நடுவழியில் வண்டி நின்றால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

ஓசூர் திரும்புகிறவர்கள் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக வாருங்கள், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. இரண்டு ஊரிலும் பெரிய தக்காளிச் சந்தை உண்டு. வாங்கினால் செங்காயாக வாங்கி, மாங்காய்ப் பெட்டியிலிருந்து தள்ளிப் பின் சீட்டுக் காலடியில் வையுங்கள். மாங்காய் பழுக்கும்போது வரும் வாயுவில் தக்காளி வீடு போய்ச் சேர்வதற்குள் கனிந்துவிடும்.