ஐஸ் ட்ரேக்கு டை போடறேன்னு அலைஞ்ச கதை

ஐஸ் ட்ரே மாதிரி ஒரு சாதா சாமானுக்கு டை (பிளாஸ்டிக்கை வார்க்கற இரும்பு அச்சு) போடப் போறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன், டிராயிங் நம்பரும் ரெவிஷனும் (எத்தனாவது திருத்தம்ங்கறதுக்கு போடற ஏ, பி, சி) பில்லுல ஏறாம ஒத்த ரூபா அட்வான்ஸ் குடுத்துடாதீங்க. இதை டைப் பண்றப்பவே இன்னும் வயிறு எரியுது. கடைசில ட்ரே நல்லாவே வந்துருச்சு, அது வேற விஷயம்.

நான் கோயமுத்தூர்ல சின்ன அளவுல பிளாஸ்டிக் சாமான் பண்றவன். சொந்த மெஷின் கிடையாது, டை மட்டும் நம்முது, அடுத்தவங்க மெஷின்ல ஜாப் ஒர்க்குல ஷாட் போட்டு, அதாவது கூலிக்கு வார்த்து வாங்கி பாத்திரக்கடைகளுக்குக் குடுக்கறது. மக்கு, டப்பா, வடிகட்டி, இப்படித்தான். கடைக்காரங்க ரொம்ப நாளா கேட்டுட்டே இருந்தாங்க, ஐஸ் லேசா வர்ற மாதிரி ஒரு ட்ரே பண்ணுங்க, இருக்கறதையெல்லாம் திண்டுல தட்டித் தட்டி ஒடச்சுட்டு வந்து எங்ககிட்ட சண்டை போடறாங்கன்னு. சரின்னு உக்காந்தேன்.

ஐஸ் ஏன் விடமாட்டேங்குதுன்னு பாத்தா ஒரே காரணம் இல்ல. தண்ணி உறையறப்ப சுமார் 9 சதவீதம் பெருக்கும். ஓரம் முதல்ல உறைஞ்சு நடு கடைசில உறையறதால அந்தப் பெருக்கமெல்லாம் நடுவுல மேடா மேல வரும். விளிம்பு வரைக்கும் ஊத்தி வெச்சா ஒவ்வொரு குழி மேடும் பக்கத்துக் குழியோட சேந்து மொத்தமும் ஒரே பலகை ஆயிடும், அப்புறம் எந்த ட்ரேயா இருந்தாலும் கதை முடிஞ்சுது. அடுத்து, மைனஸ் 18க்கு இறங்க இறங்க ஐஸும் சுருங்கும் பிளாஸ்டிக்கும் சுருங்கும், ஆனா பிளாஸ்டிக் ஐஸைவிட ரெண்டு மடங்குக்கு மேல சுருங்கும், அதனால உள்ள இருக்கற ஐஸை இறுக்கிப் புடிச்சுக்கும். வெளிய எடுத்து ரெண்டு நிமிஷம் வெச்சா கழலறதுக்கு இதுவும் ஒரு காரணம். இது போக குழியோட சுவர்ல கீறல், கூர் மூலை, உப்புத் தண்ணி படிஞ்ச வெள்ளைப் படிவம் எதுனா இருந்தா ஐஸ் அதுக்குள்ள புகுந்து கொக்கி போட்டுக்கும். சிறுவாணித் தண்ணி வர்ற வீட்டுல ஒழுங்கா வர்ற ட்ரே போர்த் தண்ணி வீட்டுல கொஞ்ச நாள்லயே மல்லுக்கட்டுறது இதனாலதான். (வினிகர் ஊத்தி ஊறவெச்சுக் கழுவினா திரும்ப சரியாயிடும், புதுசு வாங்க வேண்டாம். இதை ட்ரே விக்கிற நானே சொல்றேன்.)

ஆக டிசைன் ரொம்ப சிம்பிள்தான்: சுவருக்கு 12 டிகிரி டேப்பர் (சரிவு), அடியில ஆர் 5 ரேடியஸ் (மூலையை 5 மில்லிமீட்டர் ஆரத்துல உருட்டறது), குழிக்குக் குழி தண்ணி சமமா போக வாய்க்கால் மாதிரி ஒரு சின்னக் காடி, முறுக்கினா வளையற மெட்டீரியல். டையிலருந்து பீஸ் கழல ஒண்ணு ரெண்டு டிகிரி போதும், ஐஸுக்கு அது பத்தாது. காடியும் ஆழமா வெட்டக்கூடாது, ஆழமா வெட்டினா அங்க உறையற ஐஸ் பாலம் கெட்டியாகி முறுக்கறப்ப கட்டியோட மூலையைப் பிச்சுட்டுத்தான் வரும்.

சாம்பிளுக்கு 3டி பிரிண்ட் போட்டேன். இதுல ஒரு எச்சரிக்கை, சாதா ஃபிலமென்ட் பிரிண்ட்டை வெச்சுகிட்டு ஐஸ் வருதா வரலையான்னு முடிவு பண்ணாதீங்க. லேயர் கோடு ஒவ்வொண்ணும் ஐஸுக்குப் படிக்கட்டு, பிரிண்ட் உடையுமே தவிர ஐஸ் வராது, பிரிண்ட் போட்டுக் குடுத்த பையன் "டிசைனே தப்புங்கண்ணா"ன்னு நமக்கே பாடம் எடுப்பான். தண்ணி எவ்வளவு ஊத்தலாம், காடி எந்த ஆழம், கையில புடிக்க வாட்டமா இருக்கான்னு பாக்கறதுக்கு மட்டும் பிரிண்ட் போதும். கழலுதான்னு பாக்கணும்னா ஆண் மோல்டை (குழிகளோட உருவம் மேடா இருக்கற அச்சு) பிரிண்ட் எடுத்து, வழவழன்னு தேச்சு, அதுமேல சிலிகான் ஊத்தி வார்த்துப் பாருங்க.

சிலிகான்லயே பண்ணிடலாமேன்னு கேப்பீங்க. ஐஸ் அதுல அருமையா வரும், மறுக்கல. ஆனா தண்ணியோட தூக்கினா தொளதொளன்னு தொங்கி வழி பூரா தண்ணி, அதுக்கு ஒரு கெட்டி ஃபிரேம் தனியா வேணும். அது போக ஃப்ரீஸர்ல இருக்கற மீன் வாசனையெல்லாம் அதுல ஏறிக்குது. நான் விக்கிற விலைக்கு அது கட்டவும் கட்டாது.

இனிதான் டை ரூம், அதாவது டை பண்ற பட்டறை. ஊரைச் சொல்றேன், ஆளைச் சொல்லல, குறிச்சி பக்கம். நல்ல வேலைக்காரர்னு பேரு. பி20 ஸ்டீல், இவ்வளவு நாள், இவ்வளவு காசுன்னு பேசி அட்வான்ஸும் வாங்கிட்டார். சொன்ன தேதி போய் அதுக்கப்புறம் தீபாவளி லீவும் போய் ஒரு வழியா முதல் ஷாட் பீஸ் கைக்கு வந்துச்சு. பாக்க பளபளன்னு அழகாத்தான் இருந்துச்சு. தண்ணி ஊத்தி ராத்திரி வெச்சு காலைல முறுக்கறேன், பாதிக் குழி வருது பாதி வரமாட்டேங்குது, வந்ததும் அடிமூலை உடைஞ்சுதான் வருது.

ஒரு கட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன். நாலு பக்கமும் சன்னமா குறுக்குக் கோடு, வளையம் வளையமா. ட்ரே சுவர்லயும் அதே கோடு. அதாவது கோரை (ட்ரே குழியோட உள்பக்கத்தை உருவாக்கற, டையில மேடா இருக்கற பாகம்) பாலிஷ் பண்ணின ஆளு எமரித் தாளைச் சுத்திச் சுத்தித் தேச்சிருக்கான். பாலிஷ் எப்பவும் பீஸ் கழண்டு வர்ற திசையில, மேலயும் கீழயுமாத்தான் இழுக்கணும், இது அந்தத் தொழில்ல இருக்கறவங்களுக்கு அரிச்சுவடி. ரேடியஸ் கேஜ் வெச்சுப் பாத்தா அடியில ஆர் 5 இருக்க வேண்டிய இடத்துல ஆர் 1 கூட இல்ல.

நேரா போனேன். "அண்ணா, அடியில ஆர் 5 கேட்டிருந்தேனே."

"தம்பி, அதெல்லாம் வெளிய தெரியாதுங்க. உருண்டை முனை பால் கட்டர் விட்டு அத்தனை கோரையும் ஃபினிஷ் பண்ணோணும்னா மெஷின் டைம் எங்கியோ போயிரும். பீஸ் சுளையா எஜெக்ட் ஆகுதுங்களா இல்லீங்களா?"

"பீஸ் டையிலருந்து நல்லாத்தான் வருதுங்கண்ணா. ஐஸ்தான் பீஸிலருந்து வரமாட்டேங்குது."

அதுக்கு அவர், எங்ககிட்ட இருக்கற டிராயிங்ல ரேடியஸே போடலியேன்னு ஒரு பிரிண்ட் எடுத்துக் காட்டறார். பாத்தா கொட்டேஷன் கேக்கறப்ப வாட்ஸ்அப்ல போட்ட ரெவ் ஏ. பில்லுலயும் வெறும் "ஐஸ் ட்ரே டை 1" தான், டிராயிங் நம்பர் கிடையாது. கை விரிச்சுட்டார். மாத்தோணும்னா தனி சார்ஜ்ங்கறார். அங்க கணக்கு எழுதற அம்மாகிட்ட கேட்டா "எனக்கு மெயில் எதுவும் வரலீங்க சார்"னு மானிட்டரை விட்டுத் தலையைத் தூக்காமலே சொல்லுது.

ஆனா ரேடியஸ் போட்ட ரெவ் சி மெயில்ல போயிருக்கு, அதுக்கு அவங்க ஆபீஸ்லருந்தே "ரிசீவ்டு, ஒர்க் ஸ்டார்ட் பண்ணிக்கறோம்"னு பதிலும் வந்திருக்கு, தேதியோட. அந்த மெயிலை அங்கயே நின்னு ஃபோன்ல தேடி எடுத்து அண்ணன் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன் பாருங்க, இந்த மொத்த வேலைலயும் எனக்கு ரொம்பப் புடிச்ச நிமிஷம் அதுதான். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "டீ சாப்டறீங்களா தம்பி"ன்னார். காசில்லாம மாத்திக் குடுத்தார்.

நல்லவேளைக்கு கோர் மூலையை உருட்டறதுக்கு மெட்டலை எடுத்தாப் போதும். கேவிட்டிப் பக்கமும் (ட்ரேயோட வெளிப்பக்கத்தை உருவாக்கற பள்ளம்) அதே மாதிரி உருட்டோணும்னா மெட்டல் சேக்கணும், வெல்டிங் பண்ணணும், அதுல இறங்கவேண்டாம்னு விட்டாச்சு. அதனால அடிமூலையில சுவர் கொஞ்சம் தடிச்சு லேசா சிங்க் மார்க் (தடிச்ச இடம் ஆறறப்ப விழற குழிவு) விழுது. அடிப்பக்கம்தானே, யாரும் பாக்கறதில்ல. பாலிஷ் மறுபடி நடந்தப்ப நான் ஸ்டூல் போட்டு பக்கத்துலயே உக்காந்துட்டேன். அந்தப் பையனுக்கு எரிச்சல்தான், இருக்கட்டும்.

அடுத்த வயித்தெரிச்சல் மெட்டீரியல். பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்ல குளிர் தாங்கற வகையான கோபாலிமர் கேட்டேன், கடைக்காரர் மூட்டையைப் பிரிச்சு சில்லறையா அளந்து குடுத்தது சாதா வகை, ஹோமோபாலிமர். கையில பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளை மணிதான், எவனுக்குத் தெரியும். ஷாட் போட்டு ஃப்ரீஸர்ல வெச்சு முறுக்கினதும் டிக்குனு ஒரு சத்தம், குழிக்கு நடுவுல வெள்ளையா கோடு, அதோட ரெண்டாப் போச்சு. ஹோமோ ஜீரோ டிகிரி பக்கத்துலயே வெறைக்க ஆரம்பிச்சுரும், ஃப்ரீஸர் சாமானுக்கு ஆகவே ஆகாது. கோபாலிமர் தாங்குது, ஆனா முறுக்க தெம்பு வேணும், எங்க பெரியம்மா கையில குடுத்தா முடியல. கடைசில எல்எல்டிபிஇ (வளையற பாலிஎத்திலீன் வகை) இன்ஜெக்ஷன் கிரேடுக்குப் போனேன், மைனஸ் 18லயும் சாதுவா வளையுது. தண்ணியோட தூக்கினா லேசா தொய்யுதேன்னு விளிம்பைச் சுத்தி கீழ இறக்கி பெட்டி மாதிரி பண்ணச் சொன்னாங்க, நான் ஒத்துக்கல. சுத்தி மூடிட்டா முறுக்கே ஏறாது, அப்புறம் வளையற மெட்டீரியல் போட்டு என்ன புண்ணியம். நீள வாட்டத்துல மட்டும் ஒரு ரிப் (பலத்துக்கு விடற மேட்டு வரி) விட்டு, ரெண்டு முனையிலயும் கை புடிக்க அகலமா காது வெச்சேன்.

யாரும் யோசிக்காத ஒண்ணு, நம்மூர்ல இன்னும் நிறைய வீட்டுல சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ்தான். அதுல ஐஸ் ட்ரேயை விடறதுக்கு முன்னாடி ட்ரேயே ஃப்ரீஸர் தரையை விடணும். அடியில பனி கட்டிப் புடிச்சுக்கும், சனங்க கத்தியை விட்டு நெம்புவாங்க, தகட்டுல ஓட்டை விழுந்து கேஸ் போயிரும், மெக்கானிக் வந்து செலவு சொல்றப்பதான் தெரியும். அதனால அடியில நாலு சின்னக் கால் வெச்சு தரையிலருந்து தூக்கி விட்டேன். தகட்டோட ஒட்டி உக்காராததால உறைய கொஞ்சம் லேட் ஆகும், பரவால்ல.

அப்புறம் லேப். ஒரு பெரிய கடை ஆர்டருக்கு உணவுப்பொருள் படற பிளாஸ்டிக்னு மைக்ரேஷன் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டாங்க, ஐஎஸ் 9845ங்கற இந்திய தர விதிப்படி. காய்ச்சி வடிச்ச தண்ணி, அசிட்டிக் ஆசிட் மாதிரி திரவத்துல பீஸை வெச்சு எவ்வளவு கரைஞ்சு வருதுன்னு பாக்கறது, கிலோவுக்கு 60 மில்லிகிராம் தாண்டக் கூடாது. ட்ரேயைத் தூக்கிட்டுப் போனா கவுன்ட்டர்ல மெட்டீரியல் கிரேடு என்ன, லாட் நம்பர் என்ன, சப்ளையர் சர்டிபிகேட் எங்கன்னார். சில்லறையா வாங்கின கடையில கேட்டா மூட்டை எங்க போச்சுன்னே தெரியலங்கறாங்க. திரும்பி வந்து முழு 25 கிலோ மூட்டையா வேற வாங்கி, மறுபடி ஷாட் போட்டு, மறுபடி போனேன். தயவுசெஞ்சு காலி மூட்டையைத் தூக்கிப் போடாதீங்க, கிரேடும் லாட்டும் அதுமேலதான் அடிச்சிருக்கும். ரெண்டாந்தடவை போனப்ப, நீலக் கலர் பிக்மென்ட் ஐஎஸ் 9833 லிஸ்ட்ல (உணவு படற பிளாஸ்டிக்குக்கு அனுமதிச்ச நிறமிகள்) இருக்கான்னு மாஸ்டர்பேட்ச், அதாவது கலர் மணியோட பேப்பர் கேட்டார். அதைத் தேடி அலையறதுக்கு கலரே வேண்டாம்னு நேச்சுரல்ல போட்டுட்டேன். மங்கலா கண்ணாடி மாதிரி, உள்ள தண்ணி மட்டம் தெரியுது, முக்கால் அளவுக்கு கோடு போட்டிருக்கறதும் தெரியுது. டெஸ்ட் பாஸ்.

பேட்டன்ட் போடலாம்னு ஒரு ஏஜென்ட் ஆசை காட்டினார். நான் தேடிப் பாத்தப்ப, அமெரிக்காவுல லாய்ட் கோப்மன்ங்கறவர் 1928லயே தன் ரப்பர் பூட்ஸுல ஒட்டின பனி நடக்க நடக்க உதிர்றதைப் பாத்து ரப்பர் ட்ரே யோசிச்சிருக்கார், 1933ல கை டிங்கம் வளையற ஸ்டீல் ட்ரேயே பண்ணிட்டார். இதுல நான் எதைப் புதுசுன்னு சொல்றது. டிசைன் ரெஜிஸ்ட்ரேஷன் மட்டும் போட்டேன், தனி ஆளுக்கு ஃபீஸ் 1000 ரூபா, 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம். அது உருவத்துக்கு மட்டும்தான், ஐஸ் கழலற வித்தைக்கு இல்ல, அதையும் தெரிஞ்சுக்கோங்க. படத்துல அளவு போட்டு அனுப்பிட்டார் ஏஜென்ட், அதுக்கு ஒரு ஆட்சேபணை வந்து அளவில்லாத படமா மாத்தி அனுப்பினோம். அப்ளிகேஷன் போடறதுக்கு முன்னாடி போட்டோ வெளிய விட்டுறாதீங்க, கடைக்காரருக்கு வாட்ஸ்அப்ல கூட.

இப்ப சரக்கு போயிட்டு இருக்கு. கடைக்காரர் நேத்து கூப்புட்டு மூடி போட்டுக் குடுங்கங்கறார், ஃப்ரீஸர் வாசனை ஐஸுல ஏறுதாம். மூடி உக்காரணும்னா விளிம்பு சுத்தி ஒரு உதடு வேணும், உதடு வெச்சா முறுக்கு இறுகும். ரெண்டு நீளப் பக்கத்துல மட்டும் புடிக்கற மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கேன். ரெவ் டி.