மே இருபதுக்குள்

பிப்ரவரி 11, 2025

நேற்று மூன்றாவது கீமோ. திரும்பும்போது அக்கா காரில் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். கிண்டி தாண்டியதும், “பாப்பா, இப்போது அந்தமானில் கடல் எப்படி இருக்கும்?” என்றாள். “அலையே இருக்காது அக்கா” என்றேன். வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தமான் கடல் அடங்கிக் கிடக்குமாம். மழை அபூர்வம், தண்ணீருக்குள் வெகுதூரம் தெரியும். ஊர் உலகமெல்லாம் அந்த நான்கு மாதங்களில்தான் போகிறது. எங்களுக்கு அந்த நான்கு மாதமும் இருபத்தோரு நாளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டாகிவிட்டது.

பிப்ரவரி 14

வாய்ப்புண். மோர் மட்டும்.

பிப்ரவரி 19

அக்காவை அந்தமானுக்கு அழைத்துப்போக அத்தானுக்கு டிசம்பர்தான். “எல்லாம் முடிந்து, முடியும் வளர்ந்துவிடும், நிதானமாகப் போகலாம்” என்கிறார். யாரைக் கேட்டாலும் டிசம்பரைத்தான் சொல்வார்கள், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 2016 டிசம்பரை அவர் மறந்துவிட்டார். அந்தமான் பக்கத்தில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் படகு ஓடாமல் மாட்டிக்கொண்டார்கள், கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. அதே தாழ்வுதான் வர்தா புயலாகி, 12ஆம் தேதி சென்னைக்கு வந்து எங்கள் வாசல் வேம்பைப் பிடுங்கிப் போட்டது. தென்மேற்குப் பருவமழை போனதும் வடகிழக்கு வந்துவிடும் ஊர் அது. அக்டோபர், நவம்பரில் புயல் பயம், அதன் வால் டிசம்பர் வரை நீளும்.

பொழுதும் குறைவு. அங்கேயும் இந்திய நேரம்தான், ஆனால் ஊர் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும்.

இவ்வளவையும் அத்தானிடம் சொன்னேன். டிசம்பர் ரொம்பத் தூரம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவரும் அதைக் கேட்கவில்லை.

மார்ச் 4

நான்காவது. இன்று யாரும் தீவைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச் 9

அக்கா இரண்டு இட்லி சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு அப்பாவின் படாக் மர நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அந்தமானிலிருந்து நாங்கள் கப்பலில் கொண்டு வந்த ஒரே சாமான் அது. நாங்கள் என்றால் அவர்கள். நான் அப்போது பிறக்கவில்லை. சாத்தம் மரஆலையில் அப்பா கணக்கு எழுதினார். 1883இல் வெள்ளைக்காரன் தொடங்கிய ஆலை. வீடு இருந்த ஹாடோவிலிருந்து பாலம் தாண்டி அக்கா அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவாளாம். மரத்தூள் சிவப்பாக இருக்கும், அதை மிதித்துவிட்டு வந்தால் அம்மா கால் கழுவாமல் உள்ளே விடமாட்டாள். அந்த வீட்டில் எனக்கு எதுவுமே இல்லை. இந்தப் பொறாமையை இந்த நேரத்தில் எழுதக் கூடாது, எழுதிவிட்டேன்.

ஊரின் பெயர் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று சொன்னேன். “நான் பிறந்தது போர்ட் பிளேரில்” என்றாள். அதற்கு மேல் பேச்சில்லை.

கப்பலில் போகலாமா என்று கேட்கிறாள். ஏறத்தாழ மூன்று நாள். முடியாது. விமானம் இரண்டேகால் மணி நேரம்.

மார்ச் 24

வெள்ளையணுக்கள் 1,900. ஊசி போடவில்லை, அடுத்த திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு வாரம்தானே என்று டாக்டரம்மா சொன்னார். அவருக்கு ஒரு வாரம். ஆறாவது ஏப்ரல் 14இல் முடிந்திருந்தால், மூன்று வாரம் உடம்பு தேற விட்டு மே 5இல் கிளம்பியிருக்கலாம். இனி மே 12. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடும் மண்ணே அந்தத் தீவுகள்தாம். கேரளத்துக்கு ஜூன் 1 என்றால் அங்கே மே 20ஐ ஒட்டி வந்துவிடும். அப்படியானால் எட்டு நாள். வருடத்துக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்யும் இடத்தில், சென்னையைப் போல இரண்டு மடங்கு, எட்டு நாள் சந்து. அதற்குள் இன்னும் ஒரு தடவை 1,900 வந்தால்?

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். எட்டுதான்.

ஏப்ரல் 2

நேரடி வெயில் படவே கூடாதாம், மருந்து தோலைக் கருக்கிவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் பளிச்சென்ற வானமும் பளிங்குத் தண்ணீருமாக எல்லோரும் கொண்டாடும் அந்த நான்கு மாதமும் எங்களுக்கு எப்படியும் ஆகாதவைதாம். இத்தனை நாள் யாருடைய மாதங்களுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன்? இதில் ஓர் அற்ப சந்தோஷம்.

ஏப்ரல் 11

பங்குனி உத்திரம். அங்கே வெற்றிமலை முருகனுக்கு இன்று காவடி எடுப்பார்கள். அக்கா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டாள். ருசியே தெரியவில்லை என்றாள். சர்க்கரை குறைவு என்று நானும் சும்மா சொன்னேன்.

ஏப்ரல் 22

ஆறாவது முடிந்தது.

ஏப்ரல் 27

அமாவாசை. இருட்டில் கையை விட்டால் கடல் நீலமாக மினுங்குமே, அதற்கு நிலவு இருக்கக் கூடாது. அடுத்த அமாவாசை மே 27, மழைக்குள் போய்விடும். 17ஆம் தேதி போனால் பௌர்ணமிக்கு ஐந்து நாள் பின்னால். நிலவு எழவே இரவு பத்தாகும், சூரியன் ஐந்து முப்பத்தைந்துக்கே இறங்கிவிடும். நடுவில் மூன்று மணி நேர இருட்டு கிடைக்கிறது. அத்தானிடம் கணக்கைக் காட்டினேன். “நீ தூங்குகிறாயா?” என்று கேட்டார்.

மே 4

கத்திரி தொடங்கிவிட்டது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது: 17 போய், 21 திரும்புவது. ஹேவ்லாக் வேண்டாம், கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். ஊரிலேயே தங்குகிறோம். ஹாடோ, சாத்தம், கார்பின்ஸ் கடற்கரை. போதும்.

மே 9

ஸ்கேன். உள்ளே நாற்பது நிமிடம்.

மே 13

வந்துவிட்டது. ஒரு வாரம் முன்னதாகவே. நிக்கோபாரிலும் தெற்கு அந்தமான் கடலிலும் பருவமழை தொடங்கிவிட்டதாக வானிலைத் துறை சொல்லிவிட்டது. மார்ச்சிலிருந்து நான் எண்ணிய எட்டு நாளும் ஒரே அறிக்கையில் போயிற்று. சமையலறையில் நின்று அழுதேன், மிக்ஸியை ஓடவிட்டு.

மே 14

அக்காவிடம் சொல்லாமல் முடியவில்லை. தேதியை மாற்றலாம், ஜனவரிக்குப் போடலாம் என்று இழுத்தேன். அவள் சிரித்தாள்.

“மழையே பிடிக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள் பாப்பா? பள்ளிக்கூடம் திறப்பதே மழையில்தான். அந்த ஊரில் வெயில் இருந்ததே எனக்கு ஞாபகமில்லை.”

அப்படியானால் மூன்று மாதமாக என்னை ஏன் எண்ணவிட்டாள்? கேட்டேன். “உனக்குப் பொழுது போகட்டும் என்றுதான்” என்றாள். கோபம் இன்னும் தணியவில்லை. உண்மையான கோபம்.

அத்தான் பரணிலிருந்து அப்பாவின் குடையை எடுத்தார். இரண்டு கம்பி போயிருக்கிறது. அக்காவுக்கு அதேதான் வேண்டுமாம்.

மே 15

குடை மூன்று. மாத்திரை டப்பா. தெர்மாமீட்டர். காதை மூடும் தொப்பி, விமானத்தில் குளிரும். நடுவில் ஒருமுறை கோபம் வந்தது, பிறகு தலையணையையும் எடுத்து வைத்தேன்.

நான்கு மணிக்கு ரிப்போர்ட் வரும் என்றார்கள். ஐந்து நாற்பது ஆகிறது. அங்கே சூரியன் இறங்கியிருக்கும்.